விருந்தாளி என்ன நிறம்?

அந்தத் தெருவில் லென்ஸ் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மடக்கு லென்ஸ் தொங்கிக்கொண்டே இருக்கும். மளிகைக் கடையில் பருப்பு வாங்கினாலும் சரி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினாலும் சரி, லென்ஸைப் பிரித்துக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவாள். கடைக்காரருக்கு இது பிடிக்குமா? பிடிக்காது. ஆனால் அவள் பொறுக்கி எடுத்து மேசையில் வைக்கிற கல் உண்மையிலேயே கல்லாக இருந்து தொலைக்கும். அதனால் வாயைத் திறக்க மாட்டார்.

மாவு மில் ஒன்றின் பரிசோதனை அறையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். லாரி லாரியாக வரும் கோதுமையிலிருந்து அரைக் கிலோ அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பி, அதில் களை விதை எத்தனை என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும், மத்தியானத்துக்குள் கண் பூத்துப்போகும். மூன்று விதை வரை இருந்தால் லாரி உள்ளே போகலாம், நான்கு என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். ஒருத்தி எண்ணிப் படிவத்தில் எழுதித் தட்டை எதிர்மேசைக்குத் தள்ளுவாள். எதிர்மேசைக்காரி எண்ணிச் சரிபார்ப்பாள். ‘எண்ணியவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் லாரி நகரும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லையா? இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, தட்டு, இடுக்கி, லென்ஸ் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். அந்த அறையில் சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

எதிர்மேசையில் இருபத்துநான்கு வருஷம் ஒரே ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு விளக்கு. கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள்கூட அத்தனை நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அக்கா கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை அம்மா, அதற்குப் பிறகு எதிர்மேசைக்காரி. அவளுக்கு உலகத்தில் ஆள் என்று இருந்தது அவ்வளவுதான்.

களை விதைகளுக்குப் புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. இவர்கள் இருவரும் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். வழவழவென்று இருப்பவன் மொட்டைத்தலை. நடுவில் பள்ளம் விழுந்தவன் பொத்தான். உருண்டையாக, கனமாக, தட்டின் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு மேனேஜர் என்று பெயர். “இந்த லாரியில ரெண்டு மேனேஜர் இருக்காங்கடி” என்று சொல்லிவிட்டு இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவார்கள். நிஜ மேனேஜர் கதவருகே நின்று, என்ன சிரிப்பு என்று முறைப்பார்.

புத்தகத்திலேயே இல்லாத விதை ஒன்றும் இருந்தது. எள்ளை விடச் சிறியது, கரிக்கறுப்பு, நுனியில் ஒரு குட்டிக் கொக்கி. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, சொல்லாமல் கொள்ளாமல் தட்டில் வந்து நிற்கும். அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார்கள். வந்த விருந்தாளிகளை ஒரு தீப்பெட்டியில் சேர்த்து அக்காவின் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்கள். ஆறு சேர்ந்திருந்தன. இதன் பூ என்ன நிறமாக இருக்கும் என்று இருவருக்கும் ஓயாத சண்டை. அக்கா நீலம் என்றாள். எதிர்மேசைக்காரி மஞ்சள் என்றாள். பார்க்காத பூவுக்கு இருபது வருஷம் மல்லுக்கு நின்றவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

“ஒரு நாளைக்கு அது பூத்து, நீ ‘நான் தோத்துட்டேன்’னு உன் வாயால சொல்லணும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்” என்பாள் எதிர்மேசைக்காரி.

“அப்ப உனக்கு ஆயுசு கெட்டிதான், போ” என்பாள் அக்கா.

விளையாட்டுக்குச் சொன்னது இல்லை. தான் தப்பு என்று அக்கா தன் வாயால் ஒப்புக்கொண்டதை யாரும் கேட்டது கிடையாது. நல்லவள்தான், உதவி என்றால் ஓடி வருவாள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவள் தொண்டையில் வழி இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எதிர்மேசைக்காரியின் ஓய்வுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கும்போது அது நடந்தது. அன்றைக்கு முதலில் எண்ணியது அவள். நான்கு என்று எழுதிவிட்டுத் தட்டைத் தள்ளினாள். முகமெல்லாம் பல்.

“பாரு, யார் வந்திருக்காங்கன்னு.”

அக்கா லென்ஸைக் கண்ணில் வைத்துத் தட்டின் மேல் குனிந்தாள். எண்ணினாள். நிமிர்ந்தாள்.

“மூணுதான் இருக்கு.”

“நாலுடி. நாலாவது நம்ம விருந்தாளி.”

“எங்கே? காட்டு பாக்கலாம்.”

எதிர்மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். காணவில்லை. வெளியே லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் உள்ளே வந்தார்.

“யாரும்மா விருந்தாளி? புத்தகத்துல அப்படி ஒரு களை இருக்கா? சரி சரி, ரெண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி எண்ணுங்க.”

எண்ணியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“எதுக்கு சார் எண்ணணும்? இருபத்தெட்டு வருஷத்துல என் கண்ணு ஒரு தடவை தப்பியிருக்கா? இல்லாத விதையை எண்ணினது அவ. அவளைக் கேளுங்க.”

சூப்பர்வைசர் அக்காவின் கணக்கையே எடுத்துக்கொண்டார், லாரி உள்ளே போயிற்று. இல்லாத விதையை எண்ணி லாரியை நிறுத்தப் பார்த்தார் என்று எதிர்மேசைக்காரிக்கு ஒரு மெமோ வந்தது. இருபத்துநான்கு வருஷத்தில் அவள் வாங்கிய முதல் மெமோ, கடைசி மெமோவும் அதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா வழக்கம்போல லென்ஸைத் துடைத்தாள். மடக்குகிற இடத்தில், கீலில், கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இடுக்கியால் எடுத்தாள். கொக்கியைக் கீலில் மாட்டிக்கொண்டு விருந்தாளி அங்கே சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நாளைக்குப் போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் எதிர்மேசைக்காரி அவள் முகத்தையே பார்த்தாள். அக்கா தட்டைப் பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று அன்றைக்கும் விட்டாள். அதற்கு அடுத்த நாளும் விட்டாள். பதினோரு நாளும் போய்விட்டன. விடைபெறும் நாளில் எதிர்மேசைக்காரி எல்லாரிடமும் நின்று நின்று பேசினாள். அக்காவிடம் மட்டும் “வரேன்” என்று ஒரே வார்த்தை. அதோடு சரி. ஒரு போன்கூட இல்லை, இவளும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வேலை பார்த்த ஒரு வருஷமும் எதிர்மேசை காலியாகவே இருந்தது. சூப்பர்வைசர் வந்து கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பிறகு கேமரா வைத்த யந்திரம் ஒன்று வந்தது. அறையை மூடினார்கள். மாதிரிக்கென்று வைத்திருந்த அறுபத்து மூன்று விதைப் புட்டிகளைக் குப்பையில் கொட்டப் போனார்கள். அக்கா அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, தீப்பெட்டியை மேலே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவள் ஓய்வு பெற்ற அன்று விருந்துபசாரம், மாலை மரியாதை எல்லாம் செய்தார்கள்தான். அவள் கண் மட்டும் கதவுப் பக்கமே இருந்தது. வர வேண்டியவள் வரவில்லை.

வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்று தனியாக இருப்பவர்களைக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். பொய். சில நாள் அவள் வாயிலிருந்து முதல் வார்த்தை வரும்போது மத்தியானம் தாண்டியிருக்கும். அதுவும் கடைக்காரரிடம் “கால் கிலோ” என்பதாக இருக்கும். தன் குரல் தனக்கே கரகரவென்று அந்நியமாகக் கேட்கும். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே ஒரு நாற்காலி. சில சமயம் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிடுவாள். தள்ளிய பிறகுதான் கவனிப்பாள். ஐயோ பாவம் என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? தானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைப்பாள்.

வெளியூரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். ஒரு தடவை அவன், “அக்கா, பின்னாடி சும்மாதானே கிடக்கு, பேசாம சிமென்ட் போட்டுடேன். கூட்டறதுக்கு ஈஸி” என்றான்.

“போடலாம்” என்று போனை வைத்தாள்.

வைத்துவிட்டு அலமாரியில் இருந்த புட்டிகளைப் பார்த்தாள். அறுபத்து மூன்று வகையையும் கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆனால் அதில் ஒன்றின் பூவைக்கூட அவள் பார்த்ததில்லை. வருஷக்கணக்காகப் பெயர் சொல்லி விரட்டியிருக்கிறாள், முகம் பார்த்ததில்லை. தீப்பெட்டியைத் திறந்தாள். ஆறு விருந்தாளிகள் ஒன்றாகக் கிடந்தன. ஏழாவது, லென்ஸில் மாட்டியது, தனியாக ஒரு காகிதத்தில் மடித்திருந்தது. விருந்தாளி பூத்தால் அந்தப் பூவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். வெறுங்கையோடு போய் நிற்க முகம் இல்லை. பூ கையில் இருந்தால், முதலில் பூவைப் பற்றிப் பேசலாம், அப்படியே மற்றதையும் சொல்லிவிடலாம். இதுதான் அவள் கணக்கு. சிமென்டுக்குத் தப்பித்தது அந்தக் கொல்லை.

தெருக்கோடியில் செடிக்கடை வைத்திருந்தவரைப் போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“காட்டுப்பூவா? எல்லாரும் அதைப் புடுங்கறதுக்குத்தான் ஆள் கேப்பாங்க. நீங்க போடறதுக்குக் கேக்கறீங்களேக்கா.”

“முடியுமா முடியாதா, அதைச் சொல்லுப்பா.”

“முடியும். ஆனா எரு கிரு எதையும் கிட்டயே கொண்டு வராதீங்க. கொழுத்த மண்ணுல புல்லுதான் கொழுக்கும், பூ ஒதுங்கிக்கும். புல்லை வேரோட எடுங்க. விதையை மணலோட கலந்து மேலாப்ல தூவுங்க. பொதைக்காதீங்க. பலகையைப் போட்டு மிதிச்சு விட்டா போதும். பழைய விதைன்றீங்க, பாதி முளைச்சாலே பெரிய விஷயம்.”

சமையலறை ஜன்னலுக்கு நேரே, ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடத்தை அளந்து கயிறு கட்டினாள். மண்வெட்டியால் புல்லைத் தோலுரிப்பதுபோல் சீவிச் சீவி எடுத்தாள். நான்கு நாளில் இடுப்பு கழன்றுவிட்டது. வேரோடு எடுங்கள் என்று அவர் சொன்னதில் முக்கால்வாசிதான் செய்தாள். மீதி வேர் மண்ணுக்குள் கமுக்கமாக இருந்துகொண்டது. பிறகு இரண்டு வாளி மணலைக் கொட்டி, புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தாள். மொட்டைத்தலை, பொத்தான், மேனேஜர், எல்லாரும் உள்ளே. கடைசியில் தீப்பெட்டியையும் கவிழ்த்தாள். ஆறையும் தனியாக ஒரு தொட்டியில் போட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் இத்தனை வருஷம் பிரித்துப் பிரித்தே காலம் போயிற்று, இந்த ஒரு தடவையாவது எல்லாம் கலந்து கிடக்கட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஏழாவதை மட்டும் கலக்க மனம் வரவில்லை. அது எதிர்மேசைக்காரி எண்ணிய விதை, அவளுடைய நான்கு. அதைக் குழாயடிச் சுவரின் ஓரத்தில் விரலால் அழுத்திவிட்டு வந்தாள்.

பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. இருபதாம் நாள் பாத்தி முழுக்க மெல்லிசாக, ஒரே சீராக, ஊசி ஊசியாக எழுந்து நின்றது. அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. காலையில் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலில் நின்று பார்ப்பாள். ஆனால் அந்தச் சீரான பச்சைக்கு நடுவே அங்கங்கே வேறு மாதிரி சில தலைகாட்டின. ஒன்றுக்கு வட்ட இலை. ஒன்றுக்கு விளிம்பெல்லாம் பல். ஒன்று மயிரும் சொரசொரப்புமாக. கண்ணை உறுத்தியது.

மில்லில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. தட்டில் எது அதிகமோ அது தானியம், எது குறைச்சலோ அது களை. யோசிக்கவே கூடாது, கை தானாகப் போக வேண்டும். ஒரு புதன்கிழமை காலையில் அவள் கை தானாகப் போயிற்று. மண்டியிட்டு, லென்ஸைக்கூடப் பிரிக்காமல், ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை பிடித்து, மாறுபட்டது ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் கிள்ளி வேரோடு எடுத்துத் தட்டில் போட்டாள். வாய்விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு மனம் லேசாக இருந்தது. வேலை செய்த திருப்தி. எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பாத்தி ஒரே பச்சையாக, அப்பழுக்கில்லாமல் இருந்தது.

செடிக்கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“அக்கா! என்ன பண்ணிட்டீங்க? புல்லை விட்டுட்டுப் பூவைப் புடுங்கிட்டீங்களே!”

“எது புல்லு?”

“இந்த நிக்குதே, இது மொத்தமும் புல்லு. பழைய வேர்ல இருந்து வந்தது. நீங்க தட்டுல வச்சிருக்கீங்களே, அதுதான் நீங்க போட்ட விதை.”

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். லென்ஸைப் பிரித்தாள். விதைதான் அவளுக்குத் தெரியும், நாற்று தெரியாது. ஆனால் சில நாற்றுகளில் விதைத்தோல் இன்னும் இலை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வட்ட இலைக்காரனின் நுனியில் பள்ளம் விழுந்த தோல். அட, பொத்தான். சொரசொரப்பு இலையின் நுனியில் கறுப்பாக, குட்டிக் கொக்கியோடு ஒரு தோல் தொங்கியது. விருந்தாளி. அந்தத் தோலை வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஆறு. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தக் கண் எதையும் தப்பவிடாது, அதுதானே அவளுக்குப் பெருமை.

மத்தியான வெயிலில் எல்லாவற்றையும் திரும்ப நட்டாள். தண்ணீர் தெளித்தாள், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலத்துக்குள் துவண்டு படுத்துவிட்டன. படியில் உட்கார்ந்து அழுதாள். பூவுக்காக இப்படியா அழுவார்கள் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவள் பூவுக்காக அழவில்லை. அந்த வீட்டு வாசலில் போய் நிற்க இருந்த ஒரே சாக்கையும் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டாள். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து, ‘மறுபடி பாரு, அது களை இல்லடி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா? சரிபார்க்க ஆள் இல்லை. அதுதான் விஷயம்.

செடிக்கடைக்காரர் பாவப்பட்டு வந்து புல்லை வேரோடு தோண்டிக் கொடுத்தார். பின்தங்கி முளைத்த சில பொத்தான்கள் மட்டும் தலை தூக்கின. அக்கா அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. மறுபடி தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு, அது பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் குழாயடியில் வாளி கழுவப் போனபோதுதான் பார்த்தாள். சுவர் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், இரண்டு சொரசொரப்பு இலை. ஒன்றின் நுனியில் கறுப்புக் கொக்கி. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். தன் கையை நம்ப அவள் தயாராக இல்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குழாயடிக்குப் போவாள். பக்கத்து வீட்டுப் பெண் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அக்கா யாரையோ விசாரணை பண்ணுகிற மாதிரி நிற்கிறாளே என்று சிரித்தாள்.

மூன்று மாதம் ஆயிற்று. முழங்கால் உயரம் வந்தது. ஒரு காலையில் பூ விரிந்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

மஞ்சள்.

நீலமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணத்துக்காக அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், யாரிடமாவது சொல்ல. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்பி போனில் வந்ததும், “பூ பூத்திருக்குடா” என்றாள்.

“அப்படியா? என்ன பூ?”

“பேர் தெரியாது.”

“ஓஹோ. சரி, அந்தச் சிமென்ட் விஷயம் என்னாச்சு?”

மறுநாள் காலையில் லென்ஸை வைத்து இதழ்களை எண்ணினாள். ஐந்து. இன்னொரு தடவை எண்ணினாள். ஐந்து. மில்லிலிருந்து கொண்டுவந்த பழைய படிவக் கட்டில் ஒரு தாளைக் கிழித்து, ‘விருந்தாளி. நிறம்: மஞ்சள். இதழ்: 5’ என்று எழுதி, ‘எண்ணியவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். செடியை மண்ணோடு பெயர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தாள். ஐஸ்கிரீம் வந்த டப்பா. அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் உயிர் போய் உயிர் வந்தது.

விலாசம் பழைய ஊழியர் பட்டியலில் இருந்தது. இரண்டாவது மாடி. மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் வீடு. கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி தடித்திருந்தது. பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை விட்டு நகர்ந்து நின்றாள்.

அக்கா டப்பாவை மேசையில் வைத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“மஞ்சள்தான்டி” என்றாள். “நான் தோத்துட்டேன்.”

எதிர்மேசைக்காரி பூவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. “இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?”

“இல்லை.” அந்த வார்த்தைக்கு வழி இல்லாத தொண்டை அக்காவுடையது. இருமினாள். “அன்னிக்கு நாலுதான் இருந்துச்சு. நாலாவது என் லென்ஸ் கீல்ல மாட்டிட்டிருந்துச்சு. சாயங்காலம் துடைக்கும்போது பாத்தேன். நீ சரியாத்தான் எண்ணினே. நான்தான் தப்பு. இது அந்த விதையில வந்த பூதான்.”

“தெரியும்” என்றாள் எதிர்மேசைக்காரி.

“என்ன தெரியும்?”

“கொக்கி வச்ச விதை வேற எங்க போகும்? நீ தினம் சாயங்காலம் வீட்டுல லென்ஸ் துடைப்பேன்னு எனக்குத் தெரியாதா? துடைச்சா பாப்பேன்னும் தெரியும். மறுநாள் காலையில வந்து சொல்லுவேன்னு உன் மூஞ்சியையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு நாள் பாத்தேன்டி.”

அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவரில் பேரக்குழந்தையின் போட்டோ. இனி இங்கே உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று பையை எடுத்தாள்.

எதிர்மேசைக்காரி ஒரு பழைய இடுக்கியும் பேனாவுமாகத் திரும்பி வந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. மேசையின் அந்தப் பக்கம் போய், நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“தள்ளு” என்றாள்.

அக்கா டப்பாவைத் தள்ளினாள். படிவத்தையும் தள்ளினாள். எதிர்மேசைக்காரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இடுக்கி நுனியால் இதழ் இதழாகத் தொட்டு எண்ணினாள்.

“நாலு.”

அக்காவுக்கு வாய் வரை வந்துவிட்டது. ஐந்து, இரண்டு தடவை எண்ணினேன், என் கண்ணு தப்பாது. மென்று விழுங்கினாள். கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றி, கீலைப் பிரித்து, மேசையின் மேல் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை தட்டினாள்.

“மறுபடி எண்ணலாம்” என்றாள். “ரெண்டு பேரும் சேர்ந்து. என் கண்ணு தப்பியிருக்கும்.”

எதிர்மேசைக்காரி படிவத்தை இழுத்து, பேனாவைத் திறந்தாள்.

“பஸ்ல ஒண்ணு உதிர்ந்திருக்கும். நீ அஞ்சுன்னா அஞ்சுதான்.”

‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினாள். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.